சேரோடு ஏறும் வண்டி

திண்டிவனம்
ஐப்பசி, மழை விட்ட ஒரு காலை

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா மாசிலாமணி எழுதிக்கொள்வது. நீ மஸ்கட்டில் உடம்புக்கு ஒன்றும் வராமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். இங்கே நான் இருக்கிறேன், அம்மாவும் போன மாதத்துக்கு இந்த மாதம் தேவலை, வலது கையால் டம்ளரைப் பிடிக்கிறாள், வாய்க் கோணல் பாதி சரியாகிவிட்டது, என்னைத் திட்டுகிற வார்த்தைகள் மட்டும் முழுசாகத் தெளிவாக வருகின்றன. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, எதற்கு இந்த அப்பா கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ ஆஸ்பத்திரி டூட்டிக்கு ஓடுகிற அவசரத்தில் இருக்கிறாய், அம்மாவும் பக்கத்திலேயே இருக்கிறாள், அதெல்லாம் சாக்கு, உண்மையில் இதைச் சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எதிர்வீட்டு செண்பகத்தின் மருமகன் ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்புகிறார். கேப்பை மாவும் தோலோடு வறுத்த மல்லாட்டைக் கடலையும் கொடுத்தனுப்புகிறேன், கூடவே இதுவும் வரும்.

உன் கூடப் படித்த பிரபாவதிக்கு ஒலக்கூர் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தபோது, அந்தப் பக்கம் போகிற டீச்சர்களோடு அவளையும் நம் வேனில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று ஜூன் மாதம் நீ கேட்டாய். முடியாது என்றேன். அதற்காக எத்தனையோ நாள் என்னோடு பேசாமல் இருந்தாய். ஆனால் நான் அவளிடம் அதை எப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரியாது, அவளும் சொல்லியிருக்க மாட்டாள். அப்போதுதான் வண்டிக்குப் புதுசாக அலங்காரம் பண்ணியிருந்தேன், சீட்டுக்கெல்லாம் சிவப்பு வெல்வெட், ஜன்னலுக்குக் குஞ்சம் வைத்த திரை, மேலே நீல விளக்கு, கடைசி சீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி, கல்யாண சவாரிக்கு நம் வேனைத்தான் கேட்கிறார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மேம்பாலத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தியிருந்தபோது பிரபாவதி வீல்சேரில் வந்தாள், அவளுடைய அம்மா பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார். உன்னைப் போலவே அவளும் என்னை அப்பா என்றுதானே கூப்பிடுவாள். அப்பா, என்னைத் தூக்கி உட்கார வச்சிட்டா போதும், சேரை மடிச்சுப் பின்னால வச்சிக்கலாம் என்றாள். நான் இறங்கக்கூட இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே, இது ஆளு ஏத்தற வண்டிம்மா, சாமான் ஏத்தற வண்டி இல்ல, வெல்வெட்டு கிழிஞ்சா எனக்குத்தான் பேஜாரு என்றேன். சாமான் என்று நான் சொன்னது சேரைத்தான், ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் அது அப்படி விழவில்லை. உள்ளே இருந்த டீச்சர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தார்கள். சரிப்பா என்று சொல்லிச் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். நானும் பாட்டைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

ஆடி முடிந்து அம்மாவுக்கு வாதம் வந்தது உனக்குத் தெரியும், நீ லீவு போட்டு வந்து பார்த்துவிட்டுப் போனாய். நீ போன பிறகு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அழைத்துப்போக ஆரம்பித்தேன். சொந்த வேன் இருக்கும்போது என்ன கவலை என்றுதான் நினைத்தேன். அம்மாவுக்கு வாங்கிய வீல்சேரை மடித்து உள்ளே வைத்துக்கொள்வேன், அவளை ஏற்றி இறக்க வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் நாலு பேர் இருந்தார்கள். ஒருநாள் திரும்பி வரும்போது மருந்து வாங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தினேன், காற்று வேண்டும் என்று அம்மாவையும் இறக்கிச் சேரில் உட்கார வைத்தேன். மறுபடி ஏற்றும்போதுதான் பார், படி உயரம், அவளுக்கு ஒரு பக்கம் பிடிமானம் இல்லை, நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்க, டீக்கடைக்காரர் காலைப் பிடிக்க, புடவை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது, நின்றவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். அவள் ஒரு கையால் புடவையை இழுத்து இழுத்து விடப் பார்க்கிறாள், கை எட்டவில்லை. சீட்டில் சாய்த்த பிறகு குழறிக் குழறிச் சொன்னாள், நான் என்னா மல்லாட்டை மூட்டையாய்யா, இப்படிப் போட்டு இழுக்கிறியே என்று. வீடு வரும் வரைக்கும் அழுதாள். எனக்கு ரோடு தெரியவில்லை, பிரபாவதி முகம்தான் தெரிந்தது.

மறுநாளே விழுப்புரத்தில் சவுரிராயன் பட்டறைக்குப் போனேன், வேன்களுக்குப் பாடி கட்டுகிறவர், வெல்வெட் தைத்ததும் அவரிடம்தான். பின்பக்கத்து சீட்டுகளை எடுத்துவிடுங்கள், ஸ்பீக்கர் பெட்டியைக் கழற்றுங்கள், பின்கதவை அகலமாக்கி வீல்சேர் அப்படியே உருண்டு ஏறுகிற மாதிரி சாய்வுத் தகடு வையுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நல்லா யோசிச்சியா, கல்யாண சவாரி கை உட்டுப் பூடும், அப்புறம் ஆர்டிஓ ஆபீசுல எழுதி பர்மிஷன் வாங்காம நான் கை வைக்க மாட்டேன் என்றார். அலைந்து வாங்கினேன். அவர் வேலையில் குறை இல்லை, தகடு எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டபோது எனக்குத்தான் தெரியவில்லை, கதவு உயரத்துக்கு இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். முதல்நாள் அம்மாவைத் தள்ளி ஏற்றுகிறேன், மலை ஏறுகிற மாதிரி இருக்கிறது, பாதியில் மழை ஈரத்தில் என் செருப்பு வழுக்கி, சேர் அம்மாவோடு பின்னால் உருண்டு என் நெஞ்சில் வந்து நின்றது. நெஞ்சு கொடுத்ததால் தப்பித்தோம். அம்மாதான் சொன்னாள், அந்தப் பொண்ணு பிரபாகிட்டக் கேளு, சேருல இருக்கறவளுக்குத்தான் தெரியும் என்று. ஜூனில் நடந்தது அம்மாவுக்குத் தெரியாது. நான் ஒலக்கூருக்குப் போய், பள்ளிக்கூட கேட்டு வரைக்கும் போய், திரும்பி வந்துவிட்டேன். அவள் லீவு என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். அன்றைக்கு அம்மாவே போனை எடுத்து அந்தக் குழறல் பேச்சிலேயே அவளைக் கூப்பிட்டுவிட்டாள்.

சனிக்கிழமை நல்ல தூறலில் அவள் வந்தாள். அலெக்ஸ் என்கிறவருடைய ஆட்டோவில் வந்தாள், ஆட்டோவுக்குப் பின்னால் சைக்கிள் டியூபால் வீல்சேரைக் கட்டியிருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினாள். பிறகு வெளியே வந்து சாய்வுத் தகட்டில் தானே ஏறிப் பார்த்தாள், இறங்கிப் பார்த்தாள். இதைப்போல இன்னொரு மடங்கு நீளம் வேணும்ப்பா, மடிச்சு வைக்கிற மாதிரி பண்ணச் சொல்லுங்க, ஓரத்துல விரல் கனம் விளிம்பு வையுங்க, இல்லன்னா சக்கரம் எறங்கிடும், அம்மாவை எறக்கும்போது முதுகு முன்னால வர்ற மாதிரி எறக்குங்க என்று பொறுமையாகச் சொன்னாள். பழசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. நான் கேட்டுக்கு வெளியே மழையில் நின்று, அன்னிக்கு நான் சொன்னதை மன்னிச்சிடும்மா, திங்கக்கெழமையிலேருந்து நானே வந்து உன்னைக் கூட்டிக்கினு போறேன், சேரோட ஏறிக்கலாம் என்றேன். வேணாம்ப்பா, கோவத்துல சொல்லல, நீங்க முடியாதுன்னப்ப அலெக்ஸ் அண்ணன்தான் நான் கேக்காமலே டியூபை எடுத்துக் கட்டினாரு, மழையோ வெயிலோ ஒருநாள் தவறல, இப்ப நல்ல வண்டி வந்துடுச்சுன்னு அவரை எப்படி உட்டுட்டு வர்றது என்றாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, பிரம்மதேசத்துல சின்னபொண்ணு அக்கான்னு ஒருத்தங்க, சக்கரையில காலு எடுத்துட்டாங்க, அவங்களும் உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வரணும், வர்றதுக்கு வழியில்ல, முடிஞ்சா அவங்களைப் பாருங்கப்பா என்றாள்.

தகட்டை நீளமாக்கி, ஆஸ்பத்திரி நாளில் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு பிரம்மதேசம் போனேன். சின்னபொண்ணு வாசலில் சேரில் தயாராக இருந்தார். நான் பின்கதவைத் திறப்பதற்குள், டிரைவரே, சேரையும் ஏத்துவீங்களா, இல்ல ஊட்டுலயே உட்டுட்டு வரட்டுமா, என்னைத் தூக்கிப் போட்டாலும் பரவால்ல, கீழயே குந்திக்கினு வர்றேன் என்றார். எத்தனை டிரைவர்களிடம் கேட்டுக் கேட்டு அவருக்கு அந்தக் கேள்வி பழகியிருக்கும் என்று நினைத்தேன், அதில் நானும் ஒருவன்தானே. சேரோட வாங்கம்மா என்று மட்டும் சொன்னேன். வழியெல்லாம் அம்மாவும் அவரும் ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள், அம்மா அப்படிச் சிரித்து நாளாகிறது. இறங்கும்போது சின்னபொண்ணு, உங்க மாதிரி நல்ல மனசு யாருக்கு வரும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் சேரைக் கட்டியிருந்த பெல்ட்டைக் கழற்றுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அன்று இரவு சாப்பிட்ட பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை, எச்சில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இப்போது பேசுகிறாள்.

டீச்சர்கள் சவாரி இன்னும் ஓடுகிறது, ஆள்தான் குறைவு. காலையில் ஒலக்கூர் ரோட்டில் அலெக்ஸ் ஆட்டோவைப் பார்க்கிறேன், பின்னால் சேர் ஆடிக்கொண்டு போகும். என் வண்டி சுலபமாக முந்திவிடும். முந்த மனசு வருவதில்லை, வேகத்தைக் குறைத்துக்கொண்டு பின்னாலேயே போகிறேன், டீச்சர்கள் மணி ஆகிறது என்று முணுமுணுக்கிறார்கள்.

ஒன்று சொல்கிறேன் கண்ணு, கேட்டுக்கொள். இதைப் படித்துவிட்டு என்மேல் கோபப்படு, அது உன் உரிமை. ஆனால் பிரபாவதிக்குப் போன் போட்டு, அப்பா பாவம், அவர் வேனில் போ என்று எனக்காகப் பேசாதே. அவள் வேண்டாம் என்றது சரி. அது அப்படியே இருக்கட்டும்.

கேப்பை மாவில் வண்டு வருவதற்குள் டப்பாவில் போட்டு மூடி வை. அங்கே வெயிலில் வெறுந்தலையோடு நடக்காதே. நீ நோயாளிகளைத் தூக்கும்போது புடவையோ போர்வையோ விலகாமல் பார்த்துத்தான் தூக்குவாய், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ நீடூழி நல்லபடியாக வாழ வேண்டும், உன் கையால் தொட்டவர்கள் எல்லாரும் எழுந்து நடக்க வேண்டும் என்று அம்மா சொல்லச் சொல்கிறாள், அவள் இடது கையால் கீழே போட்டிருக்கிற கோடுதான் அவள் கையெழுத்து.

உன் முகம் பார்க்கக் கூசுகிற,
அப்பா
மாசிலாமணி