அருமை என்று நான் சொன்ன ஒயின்

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலையில் காபி. சூடு தெரிகிறது, கசப்பு தெரிகிறது, காபி தெரியவில்லை. ஜூனில் வந்த காய்ச்சல் போகும்போது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வாசனை திரும்பி வரும், எப்போது என்றுதான் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். அவருக்கென்ன.

உணவகத்தில் ஒயின் ருசி பார்த்து ஊற்றிப் பிழைக்கிறவளுக்கு மூக்கு இல்லை. ஒயினுக்கே பேர்போன இந்த ஹீல்ட்ஸ்பர்க்கில் இதைவிடப் பெரிய ஜோக் இருக்காது. சதுக்கத்து விடுதிகளில் கிடக்கும் பத்திரிகையில் குவளைக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நிற்பது நான்தான். 'திராட்சை பறித்தவரின் மகள் யெசேனியா, இன்று ஊரின் மூக்கு.' அப்பா அந்தப் பக்கத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

யாரிடமும் சொல்லவில்லை. ஒயின் பட்டியல் எனக்கு மனப்பாடம். நிறத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடுவேன். சந்தேகம் என்றால் கூட வேலை செய்யும் ரோஸலினிடம் குவளையை நீட்டி, "என்ன தெரியுது, சொல்லு பாப்போம்" என்பேன். நான் பாடம் நடத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவளும் கண்ணை மூடி அழகாகச் சொல்வாள். அதை அப்படியே கொண்டுபோய் மேசையில் ஒப்பிப்பேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எலுமிச்சையை நறுக்கி மூக்கில் தேய்த்துப் பார்த்தேன். எரிந்ததுதான் மிச்சம்.

ஆகஸ்ட் 10, சனி

டீனோ ஐயாவுக்கும் லொரேன் அம்மாவுக்கும் ஐம்பதாவது கல்யாண நாள். அப்பா காலமெல்லாம் வேலை பார்த்தது இவர் தோட்டத்தில்தான். மழை நாளில் இவர் வண்டியில்தான் நான் பள்ளிக்கூடம் போவேன். இத்தனை வருஷம் இதே ஊரில் இருந்தும் எங்கள் உணவகத்தில் அவர்கள் கால் வைத்ததில்லை. உள்ளூர்க்காரர்கள் யார் வருகிறார்கள்? வருவதெல்லாம் சான் பிரான்சிஸ்கோ கூட்டம். டீனோ இறுக்கமான கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, எந்த முள்கரண்டியை முதலில் எடுப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

மடியில் ஒரு பாட்டில். கல்யாணமான வருஷம் அவரே வீட்டில் போட்ட ஜின்ஃபாண்டல் சிவப்பு ஒயின். இந்த நாளுக்கென்றே ஒன்றே ஒன்றை எடுத்து வைத்திருந்தாராம்.

எங்கள் வழக்கப்படி விருந்தாளியை ருசி பார்க்கச் சொல்வதில்லை. ஓரத்து மேசையில் நானே திறந்து, நானே ஒரு வாய் பார்த்து, சரியாக இருந்தால்தான் ஊற்றுவேன். ரோஸலினைத் தேடினேன். அவள் வெளியே ஒரு பெரிய மேசையில் மாட்டிக்கொண்டிருந்தாள். இவர்கள் இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குவளையைச் சுழற்றினேன், முகர்ந்தேன், குடித்தேன். புளிப்பு தெரிந்தது. வேறு எதுவும் இல்லை. நிறம் நன்றாகத்தான் இருந்தது.

"அருமை ஐயா. காய்ஞ்ச செர்ரி, கிராம்பு, கொஞ்சம் புகையிலை. அம்பது வருஷம் ஆன மாதிரியே இல்ல," என்றேன். நாக்கு கூசவில்லை.

டீனோ ஒரு வாய் குடித்தார். நிறுத்தி என்னைப் பார்த்தார். லொரேன் அம்மாவும் குடித்துவிட்டு, "இவ சொன்ன மாதிரியேதான் இருக்குங்க," என்றார். அவர் மெதுவாகத் தலையாட்டிவிட்டு மறுபடி குவளையை எடுத்தார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சமையலறைக்கென்று ஒரு குவளை அளவு பாட்டிலில் விட்டுப் போயிருந்தார் டீனோ. செஃப் வார்னர் வாயில் வைத்ததும் தொட்டியில் துப்பினார். தக்கை கெட்டு, நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி நாறுகிறதாம். "இதையா அவங்களுக்கு ஊத்தின?" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

"தெரியும் செஃப். இத்தனை வருஷம் காத்திருந்த மனுஷன். அவர் முகத்தப் பாத்துக் கெட்டுப்போச்சுன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

செஃப் பாட்டிலை ஓரமாக வைத்தார். பிறகு என் தோளில் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. சீ — எப்படி இவ்வளவு சுலபமா வருது எனக்கு?

ஆகஸ்ட் 16, வெள்ளி

மாலையில் கதவு திறக்குமுன் எல்லாரையும் நிற்கவைத்து செஃப் அந்தக் கதையைச் சொன்னார். விருந்தோம்பல் என்றால் இதுதானாம். கை தட்டினார்கள். ரோஸலின் என்னைக் கட்டிக்கொண்டு, தனக்கு இப்படித் தோன்றியிருக்காது என்றாள். டீனோ பேரை மட்டும் விட்டுவிட்டு செஃப் மேசை மேசையாகவும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

செப்டம்பர் 7, சனி

சந்தையில் லொரேன் அம்மா. பீச் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் ஓரமாக இழுத்துப் போனார். டீனோ சரியாகவே இல்லையாம்.

"அன்னிக்கு உங்க இடத்துல குடிச்சது அவருக்கு அட்டை வாடை அடிச்சுதாம். நீ செர்ரிங்கற, கிராம்புங்கற. அவர் அண்ணனுக்கு நடுக்க நோய் வந்தப்ப முதல்ல மூக்குதான் தப்பா காட்டுச்சு. தனக்கும் அதான்னு முடிவே பண்ணிட்டாரு."

வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். சான்டா ரோசா நரம்பு டாக்டர் அக்டோபரில்தான் பார்ப்பாராம். மூக்கு போனவன் ஒயின் போடக் கூடாது என்று இந்த வருஷத் திராட்சை மொத்தத்தையும் பக்கத்துத் தோட்டக்காரனுக்குக் கொடுத்துவிட்டார். அவனும் பறித்துக்கொண்டு போய்விட்டான்.

அம்மாவுக்கு அந்த ஒயின் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அதெல்லாம் படிச்சவ நீ. உன் எதிர்ல நான் என்னத்தச் சொல்றது? அவர்கிட்ட இன்னி வரைக்கும் அருமைன்னுதான் சொல்லிட்டிருக்கேன்."

டீனோவை ஒரு நாள் வந்து பார், உன்னைப் பார்த்தால் தெம்பாக இருக்கும் என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

போகவில்லை. போனை எடுத்தேன், வைத்தேன். இது தெரிந்தால் செஃப் என்ன சொல்வார், ஊர் என்ன சொல்லும், அப்பா அந்தப் படத்தை என்ன செய்வார்... அங்க ஒரு மனுஷன் தன் கதை முடிஞ்சுதுன்னு உக்காந்திருக்காரு. நீ போட்டோவப் பத்தி யோசிக்கிற. தூ.

செப்டம்பர் 10, செவ்வாய்

போனேன். சமையலறை மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். அந்த ஒயின் கெட்டுத்தான் போயிருந்தது. உங்கள் மூக்கு சரி. போனது என் மூக்கு. அதை மறைக்க செஃபிடம் சொன்னது இன்னொரு பொய், அதைத்தான் கருணை என்று ஊர் பேசிக்கொண்டிருக்கிறது.

"அப்ப அட்டை வாடை அடிச்சுதுதான?" என்றார்.

"அடிச்சுது ஐயா. செஃப் துப்பிட்டாரு."

நிஜமாகவா, நிஜமாகவா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"ஒரு மாசமா தெனம் எந்திரிச்சதும் கை நடுங்குதான்னு நீட்டி நீட்டிப் பாத்துட்டிருக்கேன் புள்ள. பொண்டாட்டிய யார்கிட்ட விட்டுட்டுப் போறதுன்னு யோசிச்சிட்டிருக்கேன். வாயத் தொறந்து சொல்ல உனக்கு என்ன கேடு?"

போய்விடு என்றார். வாசலைத் தாண்டியதும் பின்னாலேயே வந்தார்.

"உன் விஷயத்த நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. உங்கப்பன் முகத்துக்காக."

அதற்கு என்னை இரண்டு அறை விட்டிருக்கலாம்.

செப்டம்பர் 21, சனி

மறுபடி சந்தை. விடுதிக்கார மார்ஜரி டீனோவைப் பிடித்துக்கொண்டாள். செஃப் பேரை விட்டுச் சொன்னால் இந்த ஊருக்கு யாரென்று தெரியாதா? உங்கள் மனசு நோகக் கூடாதென்று யெசி கெட்டுப்போன ஒயினை அருமை என்றாளாமே, அப்படி ஒரு பெண் கிடைப்பாளா என்று சத்தமாகக் கேட்டாள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் திரும்பினார்கள். நான் பக்கத்தில் வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

டீனோ என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆமா," என்றார். "நல்ல புள்ள."

ஊருக்கு முன்னால் தன்னை ஏமாந்த கிழவன் ஆக்கிக்கொண்டு எனக்காகப் பொய் சொன்னார், பொய்யே பேசத் தெரியாத மனுஷன். நான் என்ன செய்தேன்? வெங்காயம் பொறுக்கினேன். இதுக்கும் கீழ போக இடம் இருக்கா?

செப்டம்பர் 24, செவ்வாய்

மாலையில் எல்லாரும் நின்றபோது முழுவதையும் சொல்லிவிட்டேன். யாரும் கை தட்டவில்லை. "அப்ப எனக்குப் பாடம் எடுத்ததெல்லாம்?" என்று ரோஸலின் கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

செஃப் தன் அறைக்குக் கூப்பிட்டார். விஷயம் வெளியே போக வேண்டாம், ரோஸலின் முகரட்டும், நீ ஊற்று, உன்னைப் பார்க்கத்தான் ஜனம் வருகிறது என்றார். முடியாது என்றேன். அந்தக் கதையை இனி எந்த மேசையிலும் சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். என் சட்டையில் இருந்த, ஒயின் ஊற்றுகிறவளுக்கு அடையாளமான திராட்சைக்கொத்து வில்லையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தேன்.

மார்ஜரியிடமும் நேரே போய்ச் சொன்னேன். அவள் முகம் போன போக்கு! கடைசியாக அப்பாவுக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.

நவம்பர் 17, ஞாயிறு

இப்போது நெடுஞ்சாலைப் பக்கத்து விடுதியில் காலை வேலை. முட்டையும் ரொட்டியும் கொண்டுபோய் வைக்க மூக்கு தேவைப்படுவதில்லை.

இன்று லொரேன் அம்மா மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். டீனோவே வண்டி ஓட்டிக்கொண்டு வந்து ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் மழையைப் பற்றிப் பேசினார். அவர்கள் கொட்டகைக்குள் காலிப் பீப்பாய்களைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். இந்த மாதத்தில் அந்தப் பக்கம் போனாலே புது ஒயின் வாடை ஆளைத் தூக்கும் என்பார் அப்பா. நான் பார்ப்பதை டீனோ பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு உள்ளே கூட்டிப் போனார்.

மக்காச்சோளக் களியும் முயல் குழம்பும். போன வருஷத்துப் பாட்டில் ஒன்றைத் திறந்து முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். சுமார்தான், அவசரப்பட்டுப் பறித்துவிட்டேன் என்றார். எனக்கும் ஊற்றிவிட்டு நான் குடிக்கும்வரை காத்திருந்தார்.

"எப்படி இருக்கு?"

"எனக்குத் தெரியல ஐயா."

"சரி," என்றார். "சாப்பிடு, களி ஆறிடும்."