நனைந்த கணினிக்குள் கிடந்த மெட்டு

ஒருரோ,
கார்னிவல் முடிந்து மழை விடாத ஒரு வியாழன்

அன்பு மகள் சுல்மாவுக்கு, அம்மா காசில்டா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் சாவோ பவுலோவில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தைக் கிறுக்குகிறாள் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவர் இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிட்டால் தையல் மெஷின் இரைச்சலுக்கு நடுவில் நீ "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். இது அப்புறம் என்று தள்ளிப்போடுகிற சங்கதி இல்லை மகளே. க்ரோவரின் அக்கா பஸ்ஸில் அங்கே வருகிறாள், அவளிடம் இதையும், உனக்குப் பிடித்த உலர்ந்த உருளைக்கிழங்கு ஒரு பையும், ஒரு கம்பளிக் காலுறையும் கொடுத்தனுப்புகிறேன். காலுறையைத் துவைக்கப் போட்டுவிடாதே, உள்ளே ஒரு பென்டிரைவ் இருக்கிறது. முதலில் இதைப் படி, பிறகு அதைக் கேள்.

நீ பள்ளிக்கூடம் போகும்போது வாங்கின கணினி செத்துப்போய்விட்டது. வயதாகிச் செத்திருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன், உன் அப்பாதான் கொன்றார். கதையை முன்னாலிருந்து சொல்கிறேன். கார்னிவல் சனிக்கிழமை ஊர்வலத்தில் அப்பாவின் பேண்டு புது மொரெனாடா ஒன்றை ஊதிக்கொண்டு போனது. இரண்டு வருஷமாக அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த மெட்டு. ஒருநாள் முகம் மழிக்கும்போது தானாக வந்தது என்பார், என் ஆயுசுக்கே இதுதான் நல்லது என்பார். பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருந்தது, ஆடுகிறவர்கள் முகமூடிக்குள் இருந்தே கத்தினார்கள். ஆனால் பின்னால் கொஞ்ச தூரத்தில் வந்த உன் ஞானத்தகப்பன் எவுலோகியோவின் பேண்டும் அதே மெட்டை ஊதிக்கொண்டு வருகிறது. அவர் நம் பேண்டை விட்டுப் பிரிந்து தனியாக ஆரம்பித்ததிலிருந்தே இரண்டு பேருக்கும் பேச்சு குறைவு என்பது உனக்குத் தெரியும். அப்பா தன் ஆட்களை நடுத்தெருவில் விட்டுவிட்டுத் திரும்பி நடந்து போய், உன் ஞானஸ்நானத்திலிருந்து கூப்பிடுகிற அதே முறை வைத்து, "கொம்பாத்ரே, திருடணும்னா கோழியத் திருடுங்க, ஒரு மனுஷன் நெஞ்சுக்குள்ள இருக்கிறதத் திருடாதீங்க" என்றார். அவரோ கொஞ்சமும் கூசாமல், "உங்க நெஞ்சுல மெட்டு எங்க இருக்கு கொம்பாத்ரே, இருமல்தான் இருக்கு, இது எனக்கு பஸ்ஸுல போறப்ப வந்தது" என்றார். பிறகு இருவரும் ட்ரம்பெட்டை ஓங்கிக்கொண்டு நின்றதை நான் எழுதுவானேன். நடனச் சங்கத்தின் தலைவர் வந்து விலக்கிவிட்டு, அந்த மெட்டைச் சங்கத்தின் இசைத்தட்டில் சேர்க்கப்போகிறோம், யாருடையது என்று ருசுவோடு வாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த கார்னிவலில் இரண்டு பேண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தச் சங்கம் கைவிட்டால் அப்பாவின் பேண்டு என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவர் என்ன ஆவார் என்றும் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவுக்கு ஒரே தெம்பு, மெட்டை எழுதின அன்றே கணினியில் ஏற்றிவிட்டேன், தேதியோடு இருக்கிறது என்று. செவ்வாய்க்கிழமை வந்தது, வீட்டுக்கும் பண்டங்களுக்கும் சாயாப் படையல் செய்கிற நாள். காகிதச் சுருள் சுற்றி, வண்ணத் துணுக்கு தூவி, மண் தாய்க்கு முதல் வாய் என்று மூலைக்கு மூலை பியரைச் சொட்டுவிடுவோம் இல்லையா, அடுப்புக்கு ஆயிற்று, வாசலுக்கு ஆயிற்று, ட்ரம்பெட்டுக்கு ஆயிற்று. கடைசியில் கணினிக்கு வந்தார். அது ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் மெட்டையே பாடிக்கொண்டிருக்கிறது. "போதும் சொட்டு, அது கரண்ட்ல இருக்கு" என்றேன். "மத்ததுக்குச் சொட்டு போதும், இது என் சாட்சி, இதுக்கு வயிறு நிறையக் கொடுக்கணும்" என்று பாட்டிலைக் குலுக்கி மேலேயிருந்து கவிழ்த்தார். நுரை அந்த மேல் ஓட்டை வழியாக உள்ளே இறங்கியது. கணினி ஒரு தும்மல் போட்டது, கொஞ்சம் புகை விட்டது, அவ்வளவுதான். அப்பா என்னைப் பார்த்து, மண் தாய் ஏற்றுக்கொண்டாள் என்று சிரித்தார். மறுநாள் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்து அது எழுந்திருக்காதபோதுதான் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பாவமாகவும் இருந்தது, நாலு அறை அறையலாம் போலவும் இருந்தது.

க்ரோவரைக் கூப்பிட்டோம். நம் பேண்டில் தாளம் தட்டுகிறவன்தான், சந்தைக்குப் பக்கத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், தலையில் முடியெல்லாம் போய்விட்டது. பெட்டியைக் கழற்றினால் உள்ளே பலகை முழுக்கப் பிசுபிசு, அதன்மேல் வண்ணத் துணுக்கு வேறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. "மாஸ்டர், இதுக்குக் கல்யாணமே பண்ணி வச்சிருக்கீங்க, பொண்ணு எங்க?" என்று சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. பிறகு அவனே, "பயப்படாதீங்க, உடம்புதான் செத்துச்சு, நெனப்பு இருக்கிற ஹார்டு டிஸ்க் அடித்தட்டுல காஞ்சுதான் கெடக்கு, அதக் கழட்டி என் கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாக்கலாம், ஆனா இந்தப் பெட்டிய இன்னொரு தடவ ஆன் பண்ணினீங்க, அதுவும் போயிடும்" என்றான். சங்கத் தலைவர் காதுக்கு விஷயம் போய், எவுலோகியோவும் கூட இருந்தால்தான் அந்தத் தேதியை நம்புவோம் என்று சொல்லியனுப்பினார். ஆகவே க்ரோவரின் கடையில் இரண்டு முக்காலி போட்டு, இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், நடுவில் நான். உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஒரே குவளையில் குடித்த இரண்டு பேர்.

டிஸ்கை ஒரு ஒயரில் சொருகி அவன் கணினியோடு இணைத்தான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் திரையில் ஒரு கேள்வி வந்தது, இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யவா என்று. அப்பா எட்டி, "கேக்குதுல்ல, ஆமான்னு அழுத்தித் தொலையேன்" என்று கையை நீட்டினார். க்ரோவர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "மாஸ்டர், அது வீட்டக் கூட்டட்டுமான்னு கேக்கல, இடிக்கட்டுமான்னு கேக்குது." ஒயரைப் பிடுங்கி, டிஸ்கின் முனையை ஸ்பிரிட்டால் துடைத்து, காயவைத்து, வேறு ஒயரில் மாட்டினான். கொஞ்ச நேரம் உள்ளே ஏதோ சுழல்கிற சத்தம், பிறகு மஞ்சள் மஞ்சளாக எல்லா ஃபோல்டரும் வந்து நின்றன. அப்பாவின் மொரெனாடா இருந்தது, தேதியும் இருந்தது, எவுலோகியோ தனியாகப் போவதற்கும் முந்தைய தேதி. அப்பா எழுந்து நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார். எவுலோகியோ குனிந்து தன் ஷூவையே பார்த்தார். "சத்தியமா பஸ்ஸுலதான் வந்தது" என்று மட்டும் சொன்னார், யாரிடம் சொன்னாரோ தெரியாது.

அங்கேயே எழுந்து வந்திருந்தால் உனக்கு இந்தக் கடிதம் இல்லை. என் ஆசைதான், நீ பள்ளி முடித்த அன்று எடுத்த போட்டோக்கள் அதில் இருக்குமே, அதையும் எடுத்துக்கொடு என்றேன். உன் பெயர் போட்ட ஃபோல்டரை அழுத்தினால் அனுமதி இல்லை என்கிறது. "பூட்டி வச்சிருக்கா தோன்யா காசில்டா, என் மெஷின்லேருந்து தொறக்கலாம், தொறக்கவா?" என்று கேட்டான். உன்னைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. திற என்றேன். உன்னைக் கேட்காமல் திறந்தது நான்தான், வேறு யார் வாயாலாவது நீ தெரிந்துகொள்ள வேண்டாம். போட்டோக்கள் எல்லாம் கிடைத்தன. அதோடு ஒரு ஒலிப்பதிவும் இருந்தது. க்ரோவர் சும்மாதான் அழுத்தினான்.

உன் குரல் மகளே. மேஜையில் விரலால் தட்டிக்கொண்டு அந்த மெட்டைப் பாடுகிறாய். அதேதான், முதல் அடியிலிருந்து அதேதான். நடுவில் எவுலோகியோ, "இன்னொரு தடவ பாடு கண்ணு, அந்த வளைவு எங்கேருந்து புடிச்ச?" என்கிறார், அப்போதெல்லாம் ஒத்திகைக்கு நம் வீட்டுக்குத்தானே வருவார். நீ "நானாத்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி பாடுகிறாய். முதல் பகுதி, இரண்டாம் பகுதி, மூன்றாவதற்குத் திரும்புகிற இடத்தில் கதவுச் சத்தம். பிறகு உன் அப்பா. "போதும் அந்த மொனகல். ஆப்பி ஆறிப்போகுது, வந்து குடி. கொம்பாத்ரே, நீங்களுமா அதுகூடச் சேர்ந்துக்கிட்டு." அதோடு பதிவு நின்றுவிட்டது. தேதி நீ பள்ளிக் கடைசி வருஷம் படித்தபோது. இரண்டு பேருக்கும் தானாக வந்ததாமே, அது வந்த வழி இதுதான்.

எவுலோகியோதான் முதலில் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா, இன்னொரு தடவை போடு என்றார். போட்டான். இன்னொரு தடவை என்றார். அப்புறம், கதவு திறக்கிறதுக்கு முன்னாடி நிறுத்திடு என்றார். க்ரோவருக்கு அந்த இடத்தில் சரியாக நிறுத்த வரவில்லை, "போதும் அந்த மொனகல்" மறுபடியும் வந்துவிட்டது. அப்பா தொப்பியை அங்கேயே விட்டுவிட்டு மழையில் நடந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. ட்ரம்பெட் சுற்றின காகிதச் சுருளோடு அப்படியே இருக்கிறது. எனக்கு அவரைப் பார்த்தால் கவலை, நினைத்தால் கோபம். பொண்ணு பேண்டுல ஊதினா உதடு கெட்டுப்போகும், ஊர் சிரிக்கும் என்று அவர் சொன்னதும், நீ அந்த மாதமே பை தைக்கிற வேலைக்குப் பஸ் ஏறினதும் என் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. ஊரிடம் நாங்கள், வேலைக்காகப் போனாள் என்றுதான் சொன்னோம். இத்தனை வருஷத்தில் நீ போனில் ஒரு பாட்டைக்கூட முனகிக் கேட்டதில்லை நான். அந்தப் பதிவில் நீ அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாய், அதைத் தாங்க முடியவில்லை.

சங்கத் தலைவர் வந்தார். அப்பா எழுந்து நின்று, என் பேரை எடுத்துடுங்க, சுல்மா சோக்கே என்று போடுங்கள் என்றார். எவுலோகியோவும் வந்திருந்தார், "என் ஞானமகள் பேருன்னா எனக்குச் சம்மதம், ஆனா ரெண்டாந்தடவ பாடச் சொல்லிக் கேட்டது நான்தான், அதையும் ஒரு ஓரமா எழுதுங்க" என்றார். எந்தக் கஷ்டத்திலும் அவருக்குத் தன் பங்கு வேண்டும். தலைவர் இரண்டு பேரையும் முறைத்துவிட்டு, அந்தப் பெண் சம்மதம் சொன்னால் இரண்டு பேண்டும் ஊதலாம், வேண்டாம் என்றால் ஒருவரும் தொடக் கூடாது என்று முடித்துவிட்டுப் போனார். ஆக இரண்டு பேண்டின் வாயும் இப்போது உன் கையில் இருக்கிறது. நான் சரி என்று சொல் என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்று சொல் என்றும் சொல்ல மாட்டேன். அப்பா மெலிந்துபோனார் என்று எழுதியதைப் படித்துவிட்டுப் பாவம் பார்த்து மட்டும் சொல்லாதே. அது உன் பொருள்.

பென்டிரைவைப் பட்டறையில் எல்லோர் முன்னாலும் போடாதே, அறைக்குப் போய்த் தனியாக இருக்கும்போது கேள். போட்டோக்களில் கன்னம் உப்பி எவ்வளவு நன்றாக இருக்கிறாய் பார், இப்போது அனுப்புகிற படங்களில் கழுத்தெலும்பு தெரிகிறது. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தைக்காதே. க்ரோவரின் அக்காவிடம் பதில் எழுதிக் கொடுத்தால் திரும்பும்போது கொண்டு வந்துவிடுவாள், போனில் சொல்வது உனக்குச் சுலபம் என்றால் போனிலேயே சொல். சொக்காவோன் மாதா உன்னை எந்தத் தீங்கும் அண்டாமல் தன் முக்காட்டுக்குள் வைத்திருக்கட்டும், உன் கை, உன் கண், உன் தொண்டை எல்லாம் நலமாக இருக்கட்டும்.

உன் அன்பு அம்மா,
காசில்டா

மறந்துவிட்டேன் என்று நினைக்காதே, எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேண்டும் மூன்றாம் பகுதியை வேறு வேறு மாதிரி ஊதுகிறார்கள். அவர்கள் கேட்டது அதுவரைக்கும்தானே, மிச்சத்தை ஆளுக்கொன்றாகக் கட்டிக்கொண்டார்கள். காலையில் உன் அப்பா நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மன்னிப்புக் கேட்டு நீங்களே இரண்டு வரி எழுதுங்கள் என்று பேனாவை நீட்டினேன், வாங்கவில்லை. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார். "நான் கதவைத் திறக்காம இருந்திருந்தா, அதுக்கப்புறம் அது எப்படிப் போயிருக்கும்னு கேளு."