ஒரே நாளில் மாறிய ஒன்பது கார்டுக்கட்டுகள்

அன்புத் தங்கை மேரிக்கு,

சித்திரபுரத்தில் உன் கல்லறை மேல் இப்போது மஞ்சு பனிபோல் இறங்கியிருக்கும். இங்கே பாலக்காட்டு அலுவலகத்தில், கம்ப்யூட்டருக்குக் கார்டில் துளையிடும் உன் இயந்திரத்தின் முன் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண்தான். ஆனாலும் சத்தம் கேட்டால் நீயென்றே நிமிர்கிறேன்.

மலையணையில் புது அளவுமானி வைத்துவிட்டார்கள், மேரி. பழையது தாறுமாறாகக் காட்டுகிறதென்று, ஒரே நாளில் இரண்டடிக்கு மேல் ஏறினால் நம்பாமல் நேற்றைய அளவையே எடுத்துக்கொள்ளும்படி கம்ப்யூட்டர் புரோகிராம்களில் ஒரு நிபந்தனை சேர்த்தோமே? அதை மழைக்கு முன் எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் நிஜ வெள்ளத்தையும் பொய்யென்று தள்ளிவிடும். ஆற்றோரக் குடியிருப்புக்கு எச்சரிக்கை போகாது.

அது எங்கெங்கே இருக்கிறது? நாற்பது புரோகிராம், நாற்பது கார்டுக்கட்டு. புரோகிராம் எழுதியவர்கள் நீர்மட்டத்துக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். வரிவரியாகப் படித்து ஏழு கட்டுகளில் கண்டேன். "ஏழு போதும் சார், விடுங்க" என்றார் அணை எஞ்சினியர். எனக்கு மனம் ஆறவில்லை.

நீ எழுதிவந்த திருத்த நோட்டைப் பிரித்தேன். எந்தக் கட்டு என்றைக்கு மாறியதென்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாய். வரியைத் தேடுவதை விட்டு நாளைத் தேடினேன். மஞ்சுக்குள்ளிருந்து ஒரே துணியில் சட்டை போட்டவர்கள் வருவதுபோல் கட்டுகள் வந்தன. ஏழும் ஒரே நாள். அதே நாளில் இன்னும் இரண்டு! அதில் ஒன்று எச்சரிக்கைப் பட்டியல் அச்சிடுவது.

"அண்ணாச்சி, ஒங்க பயத்த எல்லாக் கார்டுலயும் குத்தியாச்சு, வீட்டுக்குப் போவலாமா?" என்று அன்று நீ சிரித்தது காதில் கேட்டது. நோட்டில் காரணம் எழுதும் கட்டம் மட்டும் காலி. அளவுமானியை நம்பவில்லையென்று மேலதிகாரிக்குத் தெரிந்துவிடுமோ என்று நான்தான் எழுதவிடவில்லை.

ஒன்பதையும் திருத்திக் கோவைக் கம்ப்யூட்டர் அறைக்குப் பஸ்ஸில் கொண்டுபோனேன். வாளையாறு சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.

"ஏனுங்க, ஏலக்காயுங்களா?"

"கார்டுங்க."

"பூரா ஓட்டையா இருக்குதுங்க, இதையா மடியில வச்சுட்டு வாறீங்க?"

நேற்று அணை மூன்றடி ஏறியது. கோவையிலிருந்து எச்சரிக்கைப் பட்டியலைப் போனில் படித்தார்கள். "நம்பலாமா சார்?" என்றார் எஞ்சினியர். "நம்புங்க" என்றேன்.

இன்று அந்த ஆற்றோரக் குடியிருப்பில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறதாம். வீடுகளில் ஒருவரும் இல்லை. எல்லோரும் மேட்டில் இருக்கிறார்கள்.

உன் நோட்டில் அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டேன், மேரி: 'எனக்குப் பயம்.' இனி எதை மாற்றினாலும் ஏனென்று எழுதுவேன்.

உன் கூடப்பிறக்காத
அண்ணாச்சி