ஏணியிலிருந்து இறங்க மறுக்கும் பெயின்டர்

அனுப்புநர்:
பெயின்டரின் மனைவி,
தையல் கடை மாடி வீடு.

பெறுநர்:
தலைமை மருத்துவர் அவர்கள்,
பக்கவாதத் தடுப்பு மருந்து ஆய்வுப் பிரிவு,
பொது மருத்துவமனை.

பொருள்: ஆய்வு மாத்திரையை நம்பி மற்ற மாத்திரைகளைக் கைவிட்ட என் கணவரைக் கண்டிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். சென்ற ஆண்டு வேலையில் இருந்தபோது வலது கையிலிருந்து பிரஷ் நழுவியது, வாய் கோணியது. மூளைக்குள் ஒரு ரத்தக் குழாய் சுருங்கியிருப்பதைத் தாங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். பக்கவாதம் மறுபடி வராமல் தடுக்கும் புது மருந்தின் ஆய்வில் அவரைச் சேர்த்ததற்கு நன்றி.

2. பாதிப் பேருக்கு அசல் மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று தங்களுக்கே தெரியாது என விளக்கினீர்கள். தங்களுக்குத் தெரியாதது என் கணவருக்குத் தெரிந்துவிட்டது. முதல் நாளே நாக்கில் வைத்துப் பார்த்து, "கசக்குது. அப்ப எனக்கு வந்தது அசல்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

3. அதன்பின், ரத்தம் உறையாமலிருக்கவும் அழுத்தம் குறையவும் தாங்கள் கொடுத்த வழக்கமான மாத்திரைகளை எனக்குத் தெரியாமல் நிறுத்தினார். தாங்கள் கூடாதென்ற சிகரெட்டும் ஏணியும் திரும்பி வந்தன. தங்கள் நர்ஸம்மா மாதாமாதம் ஆய்வுப் புட்டியை மட்டும் கொட்டி எண்ணுகிறார். கணக்குச் சரியாக இருப்பதால் எல்லார் முன்னாலும் பாராட்டுகிறார். இவரும் வகுப்பில் முதலாவதாக வந்த பையனைப் போல வீடு திரும்புகிறார்.

4. போன செவ்வாய்க்கிழமை காலை, சட்டைப் பொத்தானைப் போட அவர் விரல்கள் மறுத்தன. என்னைக் கூப்பிட நாக்கு குழறியது. டாக்ஸி பிடித்து மருத்துவமனை வாசலை அடைவதற்குள் பேச்சு வந்துவிட்டது. வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "ஏணி ஏறுனத டாக்டர்கிட்ட சொல்லிடாத." ஆகவே சொல்லவில்லை, எழுதுகிறேன். அவசரப் பிரிவு மருத்துவர் துருவிக் கேட்டபோதுதான் மாத்திரை நிறுத்திய கதை வெளிவந்தது. இது எச்சரிக்கைதான், அடுத்தது இப்படி விட்டுவிட்டுப் போகாது என்றார் அவர். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

5. எனவே, இனி எல்லா மாத்திரைகளையும் எண்ண உத்தரவிட வேண்டும். கசப்பு சாட்சியாகாது என்று தாங்களே நேரில் அவரிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவருக்கு அது பக்கத்து வீட்டு ரேடியோ.

6. இதற்காக அவரை ஆய்விலிருந்து மட்டும் நீக்கிவிடாதீர்கள். திருமணமான நாளிலிருந்து நான் நினைவூட்டாமல் அவர் ஒழுங்காகச் செய்யும் ஒரே காரியம் அந்த மாத்திரையை விழுங்குவது. அது வெறும் மாவாகவே இருக்கட்டும். இந்த மனிதர் என்னோடு இன்னும் கொஞ்ச காலம் இருக்க ஆசைப்படுகிறார் என்பது எனக்கு அதிலிருந்துதான் தெரிகிறது.

தங்கள் கண்டிப்பை எதிர்பார்த்து,

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: மாடி வீடு

(ஒப்பம்)
பெயின்டரின் மனைவி