வலது கண்ணில் இரண்டு விடிவெள்ளி

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை, பாதி நலம் என்று வைத்துக்கொள். போனில் சொல்லலாமே என்பாய். வீட்டுக்கு இருப்பது ஒரு போன், அது அடித்தால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், நான் எதைச் சொல்வது? தையல் கடையில் என்னோடு வேலை பார்க்கும் பெண் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, பிளம்பர் இதோ வந்துவிட்டேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறான், அது கிடக்கட்டும்.

போன மாதம் நீ அப்பாவிடம், காலையில் ஸ்கூல் வேனை எடுக்கும்போது கிழக்கே பாருங்கள், மினுக்காமல் சீராகப் பிரகாசிப்பது வெள்ளி, அதை ஒட்டினாற்போல் கொஞ்சம் மங்கலாக இருப்பது வியாழன் என்று சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் இருட்டு விலகும் முன்பே என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே விரலை நீட்டி, பாத்தியா, ரெண்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது என்பார். ஆரம்பத்தில் எனக்கும் இரண்டும் தெரிந்தன. அப்புறம் வியாழன் விலகி விலகி எங்கோ மேலே ஏறிவிட்டது, தொட்டிக்கு மேல் வெள்ளி மட்டும்தான் தனியாக நிற்கிறது. உன் அப்பா மட்டும் இன்னும் இரண்டும் ஒட்டித்தான் நிற்கிறது என்று சாதிக்கிறார். மேலே இருப்பதைக் காட்டி அதுதானே வியாழன் என்று கேட்டேன், அது ஏதோ நட்சத்திரம், உனக்கு என்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டார். எனக்குச் சந்தேகம் தட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள் என்றேன். இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு இரண்டு. உடனே, பாரு, என் வலது கண்ணு எவ்வளவு கூர்மை, இடது கண்ணுக்குத் தெரியாததெல்லாம் இதுக்குத் தெரியுது என்று மீசையை முறுக்கிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிடமே இந்தக் கண்ணோடுதானே வேன் ஓட்டுகிறார் என்று உறைத்தது. நீ வேறு போனில் சூப்பர்ப்பா, கழுகுக் கண்ணுப்பா என்று சொல்லிவைத்தாய், நீ என்ன கண்டாய் பாவம், ஆனால் அதோடு என் பேச்சு எடுபடாமலே போய்விட்டது.

கண்ணாடிக் கடைக்காரரிடம் யாருக்கோ கேட்பதுபோல் விசாரித்தேன். கண்புரையா இருக்கலாம்மா, டாக்டர் பார்க்கணும், சின்ன ஆபரேஷன்ல சரியாயிடும், ஆனா அதுவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்றார். வீட்டில் மெதுவாக ஆரம்பித்தேன். இத்தனை வருஷத்துல வண்டியில ஒரு கீறல் உண்டா என்று எகிறினார். சாவியை மாவு டப்பாவுக்குள் ஒளித்தும் பார்த்தேன், மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு விசிலடித்தபடியே போய்விட்டார். ஸ்கூலில் போய்ச் சொன்னால் வேலை போகும், சாகிறவரை என் முகத்தைப் பார்க்க மாட்டார். சொல்லாவிட்டால் வேன் நிறைய ஊரார் பிள்ளைகள். எனக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. நேற்றுச் சாப்பிடும்போது, இப்பல்லாம் பைக்குக்குக்கூட ரெண்டு லைட்டு வெச்சு விடுறாங்க, காருன்னு நெனச்சு ஒதுங்கினா பைக்கு போகுது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்து என்றார். நான் தட்டை எடுத்து வைத்துவிட்டு இந்தக் கடிதத்துக்குத் தாள் தேடினேன்.

நான் சொன்னால் நச்சரிப்பு, நீ சொன்னால் விஞ்ஞானம். அதனால் கண், டாக்டர் என்று எடுத்ததும் ஆரம்பிக்காதே. வெள்ளி ஒன்றுதான்ப்பா, வியாழன் விலகிப் போய் நாளாயிற்று, நீங்கள் பார்க்கும் இரண்டாவது அங்கே இல்லை என்று மட்டும் சொல். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்கும். மனிதர் உடைந்துபோவார் வாலு, அதை நினைத்தால் எனக்கே அழுகை வருகிறது, உடைந்தால் உடையட்டும், பக்கத்தில் நான் இருக்கிறேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. அம்மா எழுதினாள் என்று வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதே. எங்களுக்கு விடிவதற்குள் கூப்பிட்டுவிடு. வேன் தெருமுனை திரும்பிவிட்டால், அது திரும்பி வரும்வரை வாசலில் நிற்பதைத் தவிர என்னால் ஆவது ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா