மக்னீசியத்துக்கு அரைப்பேர்

கம்பளிக்குள் என்னையும் சேர்த்துப் போர்த்திக்கொண்ட அம்மாவுக்கு,

நேற்று, பேராசிரியர்கள் முன்னால், உன் சொல் ஒன்று என் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

என் ஆய்வை விளக்கிக்கொண்டிருந்தேன். நீ இருந்தபோதே சொல்லியிருக்கிறேன். மக்னீசியப் பொடி ஹைட்ரஜன் வாயுவைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும், சூடாக்கினால் திருப்பித் தரும். "அது என்னாடி, பொடி மூச்சு விடுமா?" என்று கேட்டாய். விடும், அம்மா.

நம் மலையில், பட்டிப்பொலப் பக்கம் அடிக்கிற காற்றில் மின்சாரம் எடுத்து, அதைக் கொண்டு தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜன். பொடியில் அடைத்துவைத்தால் காற்றில்லாத நாளிலும் எரிபொருள். ஆனால் வெறும் மக்னீசியம் பிடித்ததை லேசில் விடாது, கடும் சூடு கேட்கும். நிக்கல் சேர்த்து அரைத்தேன். குறைந்த சூட்டிலேயே விட்டது. மறுபடி மறுபடி நிரப்பியபோதுதான், பிடிக்கும் அளவு பாதியாக இறங்கிவிட்டது.

"இப்போது எவ்வளவு பிடிக்கிறது?" தலைமைப் பேராசிரியர் ஆங்கிலத்தில் கேட்டார்.

நானும் ஆங்கிலத்திலேயே சொன்னேன்: "ஹாஃப் நேம், சார்."

யாருக்கும் புரியவில்லை.

அரைப்பேர். பறித்த தேயிலைக் கொழுந்து நிறை குறைந்தால் பாதிக் கூலி, அதற்குத் தோட்டத்தில் வைத்த பெயர். வேறு எங்கே ஒரு ஆளின் பேரைப் பாதியாக வெட்டுகிறார்கள்?

நம் கந்தப்பளைத் தோட்டத்தில் அந்த மழை நாள். பள்ளி விடுமுறை, நிறுக்கிற இடத்தில் உன் பக்கத்தில் நின்றேன்.

"கொழுந்து பத்தாது. அரப்பேருதான்," என்றார் கணக்கப்பிள்ளை.

"ஏங்க, காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்கு நான் பாதி ஆளாவா வந்து நின்னேன்?"

"வாய் மட்டும் முழுப்பேரு!"

"அதையாச்சும் எழுதிக்கங்க."

பெண்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அரைப்பேர்தான் விழுந்தது.

இதைச் சபையில் விளக்கினேன். அவர்களும் சிரித்தார்கள், அன்பாகத்தான். அந்த அன்போடுதான் தலைமைப் பேராசிரியர் சொன்னார்: "நீங்கள் தோட்டத்துப் பிள்ளை. தேயிலைக் கழிவில் உரம் செய்வதை ஆராயலாமே. உங்கள் மக்களுக்கும் உதவும். இந்த உலோகத்தை விட்டுவிடுங்கள்."

நம் மக்களுக்குத் தேயிலை மட்டும்தான் உதவுமா? கொழும்பிலிருந்து வந்த பையனிடம், கடல் ஆராய்ச்சி செய் என்று யாராவது சொல்கிறார்களா?

"விடமாட்டேன், சார்," என்றேன்.

சபையின் முடிவு இதுதான். இந்தக் கல்விப் பருவம் முடிவதற்குள் பொடி தாக்குப்பிடிக்க வேண்டும். இல்லையென்றால் தலைப்பு மாறும். அரைக்கும் எந்திரம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எனக்கு.

வெளியே வந்ததும் என் சிங்களக் கூட்டாளி நிலூஷா தனக்குத் தெரிந்த தமிழில் திட்டினாள்: "நீங்க பைத்தியம். ஞாயிறு நானும் வாறது."

சூடு படப்படத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தடிக்கின்றன என்று நினைக்கிறேன். இந்த முறை, ஒட்டாமலிருக்க, நடுவே கொஞ்சம் கரி சேர்த்து அரைப்பேன். அதுவும் சரிவராமல் போகலாம். போனால் வேறொன்று.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பருவம் முடியும்வரை ஒரு ஞாயிற்றையும் விடமாட்டேன். தோற்பதானாலும், நானாகத் தேர்ந்துகொண்ட வேலையில்தான் தோற்பேன்.

அடங்காத உன் மகள்,
வசந்தி