அப்பா போட்டுக்கொண்டு பேசிய சட்டை

பெரிய ஆற்றங்கரை
மார்ச் 9, 1996

அன்பு மகன் எட்வினுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் அப்பாவைத் தவிர. அவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், ஊரைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்குச் சாப்பாடு நன்றாகச் செரிக்கும். எட்மன்டனில் குளிர் விட்டிருக்கும், இங்கே இன்னும் பூஜ்யத்துக்குக் கீழே முப்பதுதான், ஆற்றின் மேல் பனிக்கட்டி மார்பளவு கனத்துக் கிடக்கிறது, வலை பார்க்கப் போனால் போன தடவை வெட்டிய துளையைத் திரும்ப வெட்டவே அரைமணி நேரம் ஆகிறது. ஸோயி அத்தைக்கு முழங்கால் வலி, நர்ஸ் மாத்திரை கொடுத்திருக்கிறாள், அத்தை அதை நாய்க்குப் போட்டுவிட்டு நாய் இப்போது நன்றாக ஓடுகிறது என்கிறாள். உனக்கென்று உலர்த்தி வைத்த மீன் ஒரு கட்டு இருந்தது, அதையும் அத்தைக்கே கொடுத்துவிட்டேன். கோபத்தில்தான் கொடுத்தேன், மறைக்கவில்லை. கோபத்தோடு பிள்ளைக்கு எழுதக் கூடாது என்று பத்து நாள் பேனாவைத் தொடவில்லை. பத்து நாளில் கோபம் தீர்ந்துவிட்டது, இப்போது அருவருப்பு மட்டும்தான் மிச்சம், அதனால் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

உன் பெட்டி போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விமானத்தில் வந்தது. நீ வேலை செய்கிற அச்சுக்கடையிலிருந்து மஞ்சள் சட்டை, மொத்தம் நாற்பத்தொன்று, நெஞ்சில் கறுப்பாக இங்கிலீஷ் எழுத்து மூன்றில் பெரிதாக ‘பாப்’ என்று போட்டிருந்தது. வாசிக்கத் தெரியாமல் இல்லை, கன்னியாஸ்திரிகளிடம் அடி வாங்கி எட்டு வருஷம் படித்தவள் நான். ஆனால் தெற்கிலிருந்து வருகிற சட்டையில் என்னதான் எழுதியிருக்காது? போன வருஷம் ஸோயி அத்தை ஏதோ டயர் கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஈஸ்டர் பூசைக்கு வந்தாள். அப்படி ஏதோ ஒரு கடைக்காரன் பெயர் என்று நினைத்தேன். பெட்டி வந்தால் நாம் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். மூஸ் மான் அடித்தால் எப்படியோ அப்படித்தான், பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட வேண்டும், வீட்டில் வைத்துக்கொண்டவனுக்கு அடுத்தது கிடைக்காது. நான் வீடு வீடாகப் போய், எட்வின் அனுப்பியது, எட்வின் அனுப்பியது என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமை. நினைத்தால் இப்போது என் வாயிலேயே நான் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த வியாழக்கிழமைதான் பெயர்க் கூட்டம். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் தெரியாதவனைப் போல் நடந்துகொண்டதால் சொல்கிறேன். கிழக்கே பனிக்கடல் பக்கத்து மக்கள் தங்கள் பங்கைப் பிரித்துக்கொண்டு, தங்கள் பேச்சிலேயே நுனாவுட் என்று பெயரும் வைத்துக்கொண்டு போகிறார்கள், நன்றாக இருக்கட்டும். மிச்சமிருக்கிற நமக்கு என்ன பெயர் என்று கேட்டு அரசாங்கம் ஊர் ஊராக ஆள் அனுப்புகிறது. இப்போது இருக்கிற வடமேற்குப் பிரதேசம் என்பதே ஒரு பெயரா? யாருடைய வீட்டு வாசலில் நின்றுகொண்டு பார்த்தால் நாம் வடமேற்கு? நம் வாசலிலிருந்து வடமேற்கே பார்த்தால் நாய்க் கொட்டில்தான் இருக்கிறது. ஒரு கோடையில் படகில் வந்து படகிலேயே போன ஒரு வியாபாரியின் பெயரை இத்தனை பெரிய ஆற்றுக்கு வைத்தார்களே, அந்த வழக்கம்தான். உன் அப்பா இருபது வருஷமாக டெனெண்டே, டெனெண்டே, நம் மக்களின் நாடு என்று நம் வாயில் ஏற்கெனவே இருக்கிற பெயர், அதையே வையுங்கள் என்று கூட்டம் கூட்டமாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிறவர்கள், நாங்க உங்க ஜனம் இல்லியே, உங்க பேருக்குக் கீழ எங்கள எதுக்கு இழுக்கிறீங்க என்று கேட்டபோது அவர் சண்டை போடவில்லை. போன இலையுதிர் காலத்தில் அவர்கள் ஊருக்கே போய் நான்கு நாள் உட்கார்ந்து பேசினார். நியாயந்தானே கேக்கிறாங்க, ரெண்டு பேரும் சேந்து ஒரு பேரு தேடுவோம்னு சொல்லிட்டு வந்திருக்கேன் என்றார். அதைத்தான் இந்தக் கூட்டத்தில் சொல்வதாக இருந்தது. ஒரு மாதமாக வலைக்குப் போகும்போதும் விறகு பிளக்கும்போதும் முணுமுணுத்து முணுமுணுத்துப் பேச்சைத் தயார் செய்தார், கோடரிக்கே அது மனப்பாடமாகியிருக்கும்.

கூட்டத்துக்குக் கிளம்பும்போது நான்தான் அந்தச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். பிள்ளை அனுப்பினது, கொடுத்தவன் இல்லாட்டியும் ஊருக்குத் தெரியணும், போட்டுக்கிட்டுப் போங்க என்றேன். அவர், இந்த மஞ்சள்ல என்னைப் பாத்தா முட்டைக்கரு மாதிரி இருக்கும் என்று சொன்னார், ஆனால் போட்டுக்கொண்டார். மேலே நான் மணி தைத்துக் கொடுத்த மூஸ் தோல் மேலங்கி. ஊரிலும் எல்லோரும் அதையே நினைத்திருக்கிறார்கள், எட்வின் அனுப்பிய புதுச் சட்டை, கூட்டத்துக்குப் போடாமல் எதற்குப் போடுவது என்று. வந்தவர்கள் மூன்று பேர், மார்லா என்று ஒரு பெண், அவளுக்கு எழுத ஒருத்தன், கேமராவோடு ஒரு பத்திரிகைக்காரன். கூடத்தில் அடுப்பை நன்றாக எரிய விட்டிருந்தோம். சூடு ஏற ஏற ஒவ்வொருவராகக் குளிர்கோட்டைக் கழற்றினார்கள், உள்ளே மஞ்சள், மஞ்சள், எல்லாம் மஞ்சள். மார்லா கையிலிருந்த காகிதத்தை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். எழுதுகிறவன் அவள் தோளைத் தட்டினான். நான், விருந்தாளிகளுக்கு நம் ஊர் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தேநீர் ஊற்றினேன். ஆமாம், சிரி.

அப்பா எழுந்தார். நம் பேச்சில் பேசினார், தலைவர் நோயல் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொன்னார். மகனே, அவர் அதைவிட நன்றாக என்றைக்கும் பேசியதில்லை. நம்ம ஆத்து வளைவுக்கும் மலைக்கும் பேரு வச்சது யாருன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது, வச்சவன் பேரு மறந்து போயி வச்ச பேரு மட்டும் நிக்குது பாருங்க, அதுதான் ஊருப் பேரு என்றார். முகத்துவாரத்து ஆட்களைப் பற்றிச் சொன்னார், அவங்களும் நாங்களும் ஒரே ஆத்துத் தண்ணியைத்தான் குடிக்கிறோம், எங்களுக்குக் கொஞ்சம் நாள் குடுங்க, ரெண்டு பேருக்கும் ஒத்து வர்ற பேரோட வர்றோம் என்றார். கையை உயர்த்தும்போதெல்லாம் மேலங்கி விலகியது, அந்த மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார்கள். ஒருவர் பேசும்போது நாம் குறுக்கே போக மாட்டோம், விருந்தாளியிடம் ஏன் சிரிக்கிறாய் என்றும் கேட்க மாட்டோம், அதனால் இருபது நிமிஷம் அது அப்படியே நடந்தது. அவர் முடித்ததும் மார்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஐயா, எனக்கு ஒண்ணு மட்டும் தெளிவாகணும், உங்க ஓட்டு டெனெண்டேவுக்கா, பாப்புக்கா என்று கேட்டாள். நோயல் அதை மொழிபெயர்க்கவில்லை. அப்பா, என்ன கேக்கிறா என்றார். நோயல் மெதுவாகச் சொன்னார், டவுன்ல குடிக்கிற எடத்துல வெளையாட்டா ஒரு பேரு கெளப்பி விட்டிருக்காங்களாம் மாமா, நாட்டுக்கே ஏதோ பக்கத்து வீட்டு வெள்ளைக்காரனக் கூப்பிடுற மாதிரி பாப்புன்னு வைக்கணும்னு, கம்ப்யூட்டர்ல அதுக்குத்தான் ஓட்டு குவியுதாம், அந்தப் பேருதான் உங்க சட்டையில இருக்கு. அப்பா குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். மேலங்கியின் இரண்டு பக்கத்தையும் இழுத்து மூடிப் பிடித்துக்கொண்டு, நான் சொல்றதச் சொல்லிட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஊரே குளிர்கோட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு, பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, அந்தச் சூட்டில் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தது. விருந்தாளி இருக்கும்போது எழுந்து போக முடியுமா? ஸோயி அத்தை மட்டும், எம் பொணத்துக்குக்கூட இந்தச் சட்டையப் போட்டுடாதீங்கடி என்று சத்தமாகவே சொன்னாள். சூப்பும் ரொட்டியும் போட்டோம், நான்தான் அவர்கள் கிண்ணத்தில் ஊற்றினேன், மார்லா இரண்டாவது தடவையும் வாங்கிக் குடித்துவிட்டு ரொம்ப ருசி என்றாள். அடுத்த வாரப் பத்திரிகையில் அப்பா கையை உயர்த்தி நிற்கிற படம், நெஞ்சில் மூன்று எழுத்தும் பளிச்சென்று தெரிகிறது, கீழே ‘பாப்புக்காக முழங்கும் பெரியவர்’ என்று போட்டிருக்கிறான். அவர் பேசியதில் ஒரு வரி இல்லை. குடித்துவிட்டு உளறுகிறவன் எங்கேயும் இருப்பான், அவனை மன்னிக்கலாம். ஒரு நாட்டின் பெயரைக் கேட்க வந்துவிட்டு, சொல்கிறவன் சட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது, அடித்த மிருகத்தின் எலும்புக்குக்கூட மரியாதை தெரிந்து நடக்கிற ஜனங்கள் நாம். முகத்துவாரத்திலிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எங்ககூடப் பேசினதெல்லாம் இதுக்குத்தானா மொடெஸ்ட், எங்களயும் சேத்துத்தான் கிண்டல் பண்ணினீங்களா என்று கேட்டார்களாம். அப்பா போனை வைத்துவிட்டார். இனிமேல் கூட்டத்துக்குப் போக மாட்டேன் என்று நோயலிடம் சொல்லிவிட்டார். இருபது வருஷப் பேச்சு, ஒரு சட்டையில் முடிந்தது.

சட்டைகளை யாரும் எரிக்கவில்லை, கொடுத்த வீட்டிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், ஒருவரும் ஒரு சொல் குறை சொல்லவில்லை, திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவற்றை மடித்து உன் பெட்டியிலேயே திரும்ப அடுக்கலாம் என்று அடி அட்டையைத் தூக்கியபோதுதான் உன் துண்டுச் சீட்டு கிடைத்தது. நீ எழுதியதை உனக்கே சொல்கிறேன், மறந்திருப்பாய். அம்மா, இந்தப் பேருதான் இப்ப ஜெயிச்சிட்டு இருக்கு, செம தமாஷ், எல்லாருக்கும் குடு, அப்பா கூட்டத்துல இதப் போட்டுக்கிட்டுப் பேசுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, இங்க கடையில மாட்டணும். அந்த மூன்று பேரும் யாரோ. நீ யார்? நான் உன்னைச் சுமந்தவள், உன் மூக்கைத் துடைத்தவள், இருந்தாலும் அந்தச் சீட்டை விரலால் பிடிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை, இடுக்கியால் எடுத்து அடுப்பில் போட்டேன். போட்டோ கேட்டாயே, பத்திரிகைப் படத்தை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். மாட்டிக்கொள்.

பெட்டியில் நாற்பது சட்டை திரும்ப வருகிறது, எண்ணிப் பார்த்து ஒன்று குறைகிறதே என்று தேடாதே. அப்பா இத்தனை நாளில் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். எட்வினுக்கு அது என்னன்னு தெரிஞ்சா அனுப்பினான் என்று கேட்டார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, தெரியாது, கடையில மிஞ்சினத நமக்கு ஆகுமேன்னு அனுப்பியிருக்கான் என்று சொன்னேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான், அதையும் உனக்காகச் சொல்ல வைத்தாய். அவர் முகம் தெளிந்துவிட்டது. அதான பாத்தேன், எம் பையன் அப்பிடிப்பட்டவன் இல்ல, அவன் ஆசையா அனுப்பினதுக்கு நான் ஏன் வெக்கப்படணும் என்று சொல்லிவிட்டு, மறுநாள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வலை பார்க்கப் போனார். கடைக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறார். இன்றைக்கும் அதுதான் அவர் உடம்பில் இருக்கிறது.

கையுறை இல்லாமல் பஸ்ஸுக்கு நிற்காதே, வெள்ளிக்கிழமை அந்தக் கூட்டாளிகளோடு குடிக்கப் போகாதே, வயிற்றுக்குச் சரியாகச் சாப்பிடு. ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும், உனக்கு நல்ல புத்தியும் கொடுக்கட்டும், பிள்ளையை ஆசீர்வதிக்காமல் கடிதம் முடிக்க எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீ போன் பண்ணுகிற நேரத்தை மறந்துவிடாதே. நான் எடுக்க மாட்டேன், அப்பாதான் எடுப்பார், சட்டை ரொம்ப நல்லாயிருக்குப்பா என்று முதல் வார்த்தை சொல்வார். அவருக்கு என்ன பதில் சொல்லப் போகிறாய் என்பதை அதற்குள் யோசித்து வைத்துக்கொள்.

இப்படிக்கு
உன் அம்மா
ஃபிலோமின்